முந்திக்கொண்ட மறுப்பு

செய்தியே வராமல் அதற்கு மறுப்பு வெளியிட்ட பெருமை, பத்திரிகை உலகில் எங்கள் நாளேட்டுக்கு மட்டுமே உண்டு. அந்த மறுப்பை எழுதிய செய்தி ஆசிரியன் அடியேன்தான் என்பதைத் தன்னடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

எங்கள் நிருபர் பிழைக்கத் தெரியாத பெண். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது, நாலு தெருவில் வாந்தி பேதி என்று எழுதிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் வேறு. மூடியைத் திறந்ததும் எங்கள் 'நடுநிலை' மூக்கைப் பொத்திக்கொண்டது.

முறைப்படி அமைச்சரின் உதவியாளருக்குப் போன் போட்டேன்.

"சார், ஒரு செய்தி வந்திருக்கு. அமைச்சர் என்ன சொல்றார்னு ஒரு வரி வேணும்."

"மறுக்கிறார்."

"என்ன செய்தின்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"எதுவா இருந்தா என்ன? மறுப்ப முதல் பக்கத்துல போடுங்க. செய்தி எதுக்கு, இடத்த அடைக்கவா?"

தொலைநோக்கு என்றால் இதுதான். மறுநாள் கொட்டை எழுத்தில் வந்தது: 'குடிநீரில் சாக்கடை கலக்கவில்லை: அமைச்சர் திட்டவட்டம்.'

நிருபர் என் மேசை முன் வந்து நின்றாள். "நான் எழுதினது எங்க சார்?"

"இதுலயேதாம்மா இருக்கு. அந்த 'இல்லை'ய மட்டும் எடுத்துட்டுப் படி."

வீட்டில் மனைவி தலைப்பை ஒருமுறை பார்த்தாள். எழுந்து போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். "உங்க பேப்பர் இல்லேன்னு சொன்னா, இருக்குன்னு அர்த்தம்." வாசகர்களை இந்த அளவுக்குப் பக்குவப்படுத்தியதும் எங்கள் சேவையே.

பக்குவப்படாத வாசகர் ஒருவர் இருந்தார். என் அண்ணன். தம்பி வேலை பார்க்கும் பத்திரிகை பொய் சொல்லாது என்று முப்பது வருடமாக வரி விடாமல் படிப்பவர். படித்துவிட்டு நிம்மதியாகக் குழாய்த் தண்ணீரைக் குடித்திருக்கிறார். இரண்டாம் நாள் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். கட்டில் எல்லாம் நிரம்பிவிட்டதால் வராந்தாவில் பாய் போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது உதவியாளர் அழைத்தார். "அடுத்த மறுப்பு. எழுதிக்குங்க."

நான் கடமை தவறாதவன். எழுதிக்கொண்டு, உடனே அலுவலகத்துக்குப் போனில் வாசித்தேன்: "'வாந்தி பேதியால் யாரும் மருத்துவமனையில் அனுமதிக்கப்படவில்லை.' முதல் பக்கம். பெரிய எழுத்து."

அண்ணன் கண்ணைத் திறந்தார். குரல் காற்றாக வந்தது.

"யாருமே இல்லையாடா?"

"அமைச்சர் அப்படித்தான் சொல்றார்ணே."

"அவர் சொல்லட்டும். அவர் என்னப் பாக்கல. நீ பாத்துக்கிட்டுதானேடா இருக்கே?"