கோர்வை விட்ட இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு ஆரணியிலிருந்து சுபத்ரா வணக்கத்துடன் எழுதுவது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திப் படிக்கவும். அங்கே எல்லாரும் நலமாக இருப்பீர்கள். இங்கே யாரும் நலமில்லை. தங்கள் தொடர்கதைதான் காரணம்.

முதலில் என் கண்ணில் பட்டது, சிவப்பிரகாசம் மாமா சாப்பிட்ட கையைக் கழுவாமல் தறிக்கு வந்தது. பட்டைத் தொடுமுன் இரண்டு தடவை சோப்புப் போடுகிறவர் அவர். அவர் வீட்டுத் தறியில்தான் நான் கூலிக்கு இருக்கிறேன். இடது கையில் தங்கள் பத்திரிகை. எச்சில் கையை மேலே தூக்கிக்கொண்டு, நெய்த புடவையில் மூக்கு உரசக் குனிந்தார். கரையைப் புடவையின் உடலோடு கோக்கும் கோர்வை மூன்று இடத்தில் விட்டிருந்தது. அந்த வாரக் கதையிலும் அதேதான். நெசவாளி மகன் எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் பார்த்துக் கோர்வையை விடுகிறான், அப்பா துணியை வைத்தே கண்டுபிடிக்கிறார். எங்களுக்கும் எதிர்வீடு இருக்கிறது. அதில் தீபா என்று ஒரு பெண் இருக்கிறாள். அந்தப் புடவைக்குத் தறியில் உட்காருகிற மாமாவின் மகன் இளவரசனுக்குப் பதினேழு வயது. போதாதா? அன்றிலிருந்து அப்பாவும் பிள்ளையும் நேராகப் பேசுவதில்லை. மூன்றடி தூரத்தில் இருந்துகொண்டு என்னைத்தான் தூது விடுகிறார்கள்.

"சுபத்ரா, தொரையக் கேளு, சன்னல்ல இன்னா பார்த்துகினு இருக்காருன்னு."

"காக்காவப் பார்த்தேன்னு சொல்லு சுபா."

"காக்கா பேரு தீபாவான்னு கேளு!"

வருகிற திங்கட்கிழமை அவனைப் பெங்களூரில் மாமன் வீட்டு விசைத்தறிக்கு அனுப்பப்போகிறார்.

தங்கள் எழுத்தாளர் எங்கள் தெருவை வேவு பார்த்தாரோ என்று சந்தேகப்பட்டேன். பிறகு அவர் தறியையே பார்த்ததில்லை என்று தெரிந்துகொண்டேன். கதையில் பையன் தனியாகக் கோர்வைப் புடவை நெய்கிறானாம்! கேட்டால் ஆரணியில் கைக்குழந்தை சிரிக்கும். உடலுக்கு ஒருவர் நூல் சுற்றிய நாடாவை வீசினால், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு இன்னொருவர் வீச வேண்டும். இது மாமாவுக்கும் தெரியும். ஆனால் அச்சில் வந்ததை எதிர்த்து அவர் யோசிக்கவே மாட்டார். ஆகவே அடுத்த இதழில் சின்ன எழுத்திலாவது திருத்தம் போடவும்.

தங்கள் பத்திரிகை வீடுதோறும் போகட்டும், எங்கள் வீட்டைத் தவிர.

இப்படிக்கு,
சுபத்ரா

பி.கு.: திருத்தம் வேண்டாம். தபால் திங்கட்கிழமைக்குள் வந்து சேராது. அவன் பார்த்தது காக்காவைத்தான். கரைக்கு நாடா வீசுகிறவள் நான். அந்த மூன்று தடவையும் நான் நாடாவைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தேன். மேலே கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடியதும் மாமாவிடம் போய், "மாமா, அந்த மூணும் நான் வுட்டதுங்க" என்று சொல்லிவிட்டேன்.