கேட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவே

இனிமேல் மத்தியானத் தூக்கத்தை யாராலும் அசைக்க முடியாது என்று முடிவுகட்டித்தான் அந்த இரண்டு ரேடியோ கருவிகளையும் வாங்கி வந்தேன்.

தீப்பெட்டி அளவுதான். ஒன்று அனுப்பும், மற்றது வாங்கும். அனுப்புவதைக் கீழே கேட்டில் ஒளித்து வைத்தேன். கேட்டைத் திறந்தால் ‘வந்தாச்சு’ என்ற சொல் எழுத்தெழுத்தாகக் காற்றில் ஏறி மூன்றாம் மாடிக்கு வரும். சொல் முழுசாக வந்து சேர்ந்தால் என் கட்டிலருகே மணியடிக்கும். அவள் படியேறி வருவதற்குள் நான் பாத்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

அவள் என்றால் என் மனைவி. தெருக்கோடி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். அவள் திரும்புவதற்குள் பாத்திரம் கழுவுவது என் பொறுப்பு. தூங்குவது என் விருப்பம்.

முதல் நாள் மணி கணீரென்று அடித்தது. “பரவாயில்லையே, கழுவிட்டு இருக்கீங்க” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அடிக்கவில்லை. கண் விழித்தால் தலைமாட்டில் கைப்பையோடு நிற்கிறாள்.

“இன்னொரு நாள் இப்படிப் பாத்தேன், பரண் மொத்தத்தையும் நீங்கதான் இறக்கித் துடைக்கணும்.”

வாங்கும் கருவியைக் கணினியில் இணைத்துப் பார்த்தேன். வந்து சேர்ந்தது ‘வ’வும் ‘சு’வும் மட்டும். நடுவில் இருந்ததெல்லாம் வழியிலேயே போய்விட்டது. எழுத்து சரியாகத் தெரியாத கருவியை அவளிடமே பரிசோதனைக்கு அனுப்பலாமா என்றுகூடத் தோன்றியது.

வேகத்தைக் குறைத்தேன். புது பேட்டரி போட்டேன். ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். சோதித்துப் பார்க்க, கேட்டைத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

“திருடன் வந்தா தெரியணும்னு வச்சிருக்கேன்” என்றேன்.

“நல்ல யோசனை. திறந்து மூடணும், அவ்வளவுதானே?”

ஞாயிற்றுக்கிழமை. அவள் கீழே, நான் பால்கனியில்.

“திறந்துட்டேன்.”

மணி.

“இன்னொரு தடவை.”

மணி.

“கால் வலிக்குதுங்க. போதுமா?”

போதும், போதும். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. பால்கனியிலேயே குதித்தேன்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். மணி வரவில்லை. பரண்தான் வந்தது.

ஒட்டடைக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தேன். அதே கேட், அதே மனைவி. ஞாயிறு வேலை செய்கிறது, வேலைநாளில் சொதப்புகிறது. என்ன வித்தியாசம்? பளிச்சென்று பிடிபட்டது: கைப்பை. பரணிலிருந்து பாய்ந்து இறங்கினேன்.

“உன் பையில என்ன வச்சிருக்கே?”

“ஏன்?”

“அதுதான் திருடனுக்கு உடந்தையா இருக்கு.”

அவள் அலட்டிக்கொள்ளாமல் எடுத்து மேஜைமேல் வைத்தாள். என் கருவியின் உடன்பிறப்பு. மேலே ஒரு சிவப்புப் பொத்தான் வேறு.

“என் தம்பி கடையிலதானே வாங்கினீங்க? ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசமாம். உங்க மச்சான் மறுநாளே இலவசத்தை எங்கிட்ட கொடுத்து, நீங்க எதுக்கு வாங்கினீங்கன்னும் சொல்லிட்டான்.”

“இதை வச்சு நீ என்ன பண்றே?”

“கேட்டைத் திறக்கும்போது ஒரு அமுக்கு அமுக்குவேன். ஒரே அலைவரிசையில ரெண்டு பேர் சேர்ந்து பேசினா எதுவும் புரியாதாம். நான் பேசும்போது நீங்க குறுக்க பேசுவீங்களே, அந்த மாதிரி.”

இப்போது ஒரு குறையும் இல்லை. எல்லா எழுத்தும் போய்ச் சேருகிறது. அனுப்பும் கருவி என் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. நான் படுத்தால் கண்ணாடிக் கடையில் மணியடிக்கிறது.