ஒரு படி மல்லாட்டை பீஸ்

திருவண்ணாமலையில் காசு வாங்காததாலேயே கெட்ட பெயர் எடுத்த ஒரே வக்கீல், எங்கள் மல்லாட்டை வக்கீல்தான்.

கோர்ட்டுக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கமே வக்கீல் கொடுக்கும் இலவச சட்ட உதவி மையத்தில் அவருக்கு வேலை. ஒல்லி உடம்பு, குரல் மட்டும் நாலு ஆளுக்குப் போதும். வாதத்தை என் கடையில்தான் ஒத்திகை பார்ப்பார். ஜெராக்ஸ் மிஷின் முன்னால் நின்று "கனம் நீதிபதி அவர்களே" என்று ஆரம்பித்தால், பேப்பர் சிக்கி மிஷின் நின்றாலும் விடமாட்டார். நீதிபதி யோசிக்கிறார் என்று எனக்கு விளக்கம் சொல்லிவிட்டு மேலே பேசுவார். ஹால்டிக்கெட் நகல் எடுக்க வந்த பெண்கள் பயந்துபோய்ப் பக்கத்துக் கடைக்கு ஓடியதுண்டு.

அவ்வளவு பேசியும் அவரை யாரும் நம்பவில்லை.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து முனியம்மா என்று ஒருவர் வந்தார். கணவர் இறந்ததும் கொழுந்தன் நிலத்தை மடக்கிக்கொண்டானாம். வக்கீல் வயலுக்கே போய் வரப்பு வரப்பாக நடந்து பார்த்தார். ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மறுநாள் முனியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"காசே வேணாம்ன்றாருங்க. எதிர் பார்ட்டிகிட்ட ஜாஸ்தியா வாங்கிட்டாரோன்னு பயமா இருக்குது."

எவ்வளவோ சொன்னேன். அவர் மாட்டை விற்று வேறு வக்கீல் வைத்தார். அந்த வக்கீல் வாய்தாவுக்கு வரவே இல்லை, வழக்கு தள்ளுபடியாகிவிட்டது.

சேதி தெரிந்த அன்று நம் வக்கீல் ஒத்திகை பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "நான் எதுனா கேட்டிருக்கணும் சார். கேட்டிருந்தா நம்பியிருப்பாங்க" என்றார்.

அதன்பிறகு கேட்கத் தொடங்கினார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, தன் பீஸ் ஒரு படி மல்லாட்டை என்பார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அது விளையாத ஊர் இங்கே கம்மி. பீஸ் கொடுத்ததும் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பீஸ் வாங்கியாயிற்று, ஒழுங்காகப் பேச வேண்டும் என்று ஒரு பெரியவர் அதட்டியபோது வக்கீலுக்கு அவ்வளவு பூரிப்பு. வந்த கடலையை வேகவைத்து, கொடுத்தவர்களுக்கே தின்னக் கொடுத்துவிடுவார். என் மிஷினுக்குள் பேப்பரைவிடக் கடலைத்தோல்தான் அதிகம் சிக்கியது. ஆனால் வழக்குகள் ஜெயித்தன. ஒரு லாட்ஜில் துப்புரவு வேலை பார்த்த பெண்களுக்கு நிறுத்திவைத்த சம்பளமெல்லாம் வந்தது.

தோற்ற லாட்ஜ்காரர் சும்மா இருப்பாரா? ஏழைகளிடம் இவர் பீஸ் வசூலிக்கிறார் என்று மனுப் போட்டார். விசாரணையில் அன்பளிப்பு என்று சொல்லிவிடும்படி நான் கெஞ்சினேன். மனுஷன் பீஸ் என்றே சொல்லிவிட்டு வந்தார். அந்த வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"ரூலு சரிதாங்க சார். இன்னிக்கு நான் மல்லாட்ட கேட்டா, நாளைக்கு இன்னொருத்தன் மாட்டைக் கேப்பான்" என்றார்.

கொஞ்ச நாளில் ஊரையும் விட்டு, வேலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஓர் இளம் பெண் வக்கீல் வந்திருக்கிறார். கெட்டிக்காரர், யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை.

போன மாதம் முனியம்மா வந்து, அந்த வக்கீல் ஐயா எங்கே என்று கேட்டார். தள்ளுபடியான வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாமென்று யாரோ சொன்னார்களாம். விஷயத்தைச் சொல்லி, புது வக்கீலிடம் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"அவங்களும் காசு வாங்க மாட்டாங்களா?"

வாங்கமாட்டார் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

எனக்குக் கோர்ட்டில் ஒரு வழக்கும் இல்லை. இருந்தாலும் வேலூருக்குப் போய், ஏதாவது ஒரு சண்டையை இட்டுக்கட்டிச் சொல்லியாவது, அவர் எனக்காக வாதாடுவதை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து கேட்க வேண்டும் போலிருக்கிறது.