இடது விளக்கில் குடியிருந்தவள்

மாப்பிள்ளை ஆறு மணிக்கு எழுந்தார். பல் தேய்த்தார். பால் காய்ச்சி ஒரு டம்ளர் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். சட்டையின் காலருக்கு மட்டும் இஸ்திரி போட்டார். மற்றதை யார் பார்க்கப் போகிறார்கள். பிறகு கீழே போய்க் காரின் முன்மூடியைத் திறந்து, இடது விளக்கின் பழைய பல்பைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் விரல் படாமல் புதிய பல்பை மாட்டினார். ஒன்றுதான் வாங்கியிருந்தார். இன்றைக்கு ஒன்று போதும்.

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை அவருக்கு. மாப்பிள்ளை என்பது மாமியார் கூப்பிடுவது. மாமியாரின் மகள், இவர் மனைவி, காய்ச்சலில் போய் ஏழு மாதம் ஆகிறது. அந்த அழைப்பு மட்டும் நிற்கவில்லை.

மாமியார் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். கழுத்தில் மகளின் சங்கிலி. இன்றைக்கு அது விளக்குச் சாமியின் கைக்குப் போகிறது.

"அத்தை, இன்னொரு தடவை யோசிச்சிருக்கலாம்."

"யோசிச்சா புண்ணியம் குறைஞ்சிடும்னு சாமி சொல்லியிருக்காரு. வண்டிய எடுங்க."

விளக்குச் சாமியைத் தெரியாதவர் ஊரில் இருந்தால், அவரிடம் கார் இல்லை என்று அர்த்தம். வயதாகி மங்கிப்போன கார் விளக்குக்கு, பல்பே மாற்றாமல், மந்திரத்தால் மட்டும் ஒளி கொடுக்கிற மகான். முன்பு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் அடித்த காற்று எந்த டயரிலும் நின்றதில்லை. ஆட்களின் தலையில் நன்றாக நின்றது. பழைய தகரக் கொட்டகையைச் சுற்றிக் கறுப்புத் தார்ப்பாய் கட்டினார். ஆசிரமம் தயார்.

அவர்கள் போனபோது வரிசை மூன்று தெருவுக்கு நீண்டிருந்தது. டாக்சி, ரொட்டி வேன், பள்ளிக்கூடப் பேருந்து, கல்யாணமான புதுசில் வாங்கி இன்னும் தவணை முடியாத கார். உச்சி வெயில். ஒவ்வொரு வண்டியாகக் கொட்டகை வாசலில் நிறுத்தி, "விளக்கைப் போடு" என்பார் சாமி. போட்டால், எரிகிறதா இல்லையா என்றே தெரியாது.

"பாத்தியா, கண்ணு செத்துப்போச்சு" என்பார். கூட்டம் உச்சுக்கொட்டும். விளக்குக் கண்ணாடியில் தைலம் தடவுவார், மந்திரத்தை முணுமுணுப்பார், வண்டியைக் கும்மிருட்டான கொட்டகைக்குள் விடச் சொல்வார். உள்ளே சுவர் பளீரென்று வெளுக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். காணிக்கைத் தட்டு வரும். முன்னால் நின்ற டாக்சிக்காரர் இதற்காக நாலாவது முறையாக வந்திருந்தார்.

"ராத்திரி ரோட்டுல ஓட்டினா மறுபடி மங்கிடுதுங்க" என்றார் மாப்பிள்ளையிடம், பெருமையாக. "அவ்வளவு பாவம் பண்ணின ரோடு."

மாமியாரின் விவகாரம் இன்னும் ஆழமானது. இடது விளக்கு சில நாளாக நடுங்கி நடுங்கி எரிந்தது. போன வாரம், "மக கடைசியா என்ன சொன்னா?" என்று மாமியார் கேட்டபோது சாமி அதைப் பார்த்தார், மாமியாரின் கண்ணீரையும் பார்த்தார், சங்கிலியையும் பார்த்தார். மூன்றையும் சேர்த்து ஒரு செய்தி சொன்னார்: மகளின் ஆத்மா அந்தப் பல்பின் இழையில் உட்கார்ந்திருக்கிறது, சங்கிலியைக் கொடுத்தால் பேசும்.

அவர்கள் முறை வந்தது. வெளியே போட்ட விளக்கு தெரியவில்லை. இரண்டு கண்ணாடியிலும் தைலம் தடவினார் சாமி. உள்ளே போனதும் இடது விளக்கு இதுவரை இல்லாத வெளிச்சத்தைக் கொட்டியது. சாமியே ஒரு கணம் கண்ணைச் சுருக்கினார். உடனே தெளிந்தார்.

"என் குரலைக் கேட்டதும் உன் மக எப்படி ஜொலிக்கிறா பார். 'அம்மா, என் சங்கிலியச் சாமிகிட்ட குடும்மா'ங்கிறா."

மாமியாரின் கை கழுத்துக் கொக்கிக்குப் போனது.

"சாமி," என்றார் மாப்பிள்ளை, "போன வாரம் சொன்ன அதே இழையிலதான் இருக்காளா?"

"அதே இழை. என்ன சந்தேகம்?"

மாப்பிள்ளை பையிலிருந்து காகிதத்தைப் பிரித்தார். உள்பக்கம் கறுத்த பழைய பல்பு. "அந்த இழை இது. காலையில கழட்டினேன். அங்க எரியறது நேத்து கடையில வாங்கினது."

சாமி தாடியைத் தடவினார்.

"ஆத்மாவுக்கு இடம் மாறத் தெரியாதா?"

"ஏன் சாமி, வாடகை வீடா அது?" என்றார் டாக்சிக்காரர். அவருக்கே அது எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை.

மாப்பிள்ளை பின் சீட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். கடையில் தினமும் மாட்டுகிற எழுத்து அட்டவணை. சுவரில் தொங்கவிட்டார். காரின் பக்கத்தில் மாமியாரை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். இடது விளக்கை அட்டையால் மூடினார். மிச்சமிருந்தது வலது விளக்கு: பழைய பல்பு, புதுத் தைலம், முழு மந்திரம்.

"படிங்க அத்தை."

மாமியார் மூன்றாம் வரியில் நின்றுவிட்டார். அட்டை வலது விளக்குக்கு மாறியது. புது பல்பில் மாமியார் ஆறாம் வரி வரை ஓடினார்.

"ஒரே தூரம், ஒரே இருட்டு. முதல்ல தெரிஞ்சதா, இப்பவா? எது நல்லா இருக்கு?" தினமும் நாற்பது பேரிடம் கேட்கிற கேள்வி.

"இது என்ன கேள்வி? இப்பதான்."

மாப்பிள்ளை வலது விளக்கின் தைலத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். இடதை மறுபடி மூடினார். மாமியார் நாலாம் வரியையும் படித்தார். சாமியின் அருளைத் துடைத்ததும் ஒரு வரி கூடியது.

டாக்சிக்காரர் யோசிக்க ஆரம்பித்திருந்தார். பழக்கமில்லாததால் முகமெல்லாம் வலித்தது. "வெளிய வெயில்ல தெரியல. உள்ள இருட்டுல தெரியுது. அப்ப இதைத் தூக்கினா..." என்று தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்.

வெயில் உள்ளே விழுந்தது. புது பல்பு, பழைய பல்பு, அருள் பெற்று வெளியே நின்ற ரொட்டி வேன், பேருந்து எல்லாம் ஒரே நொடியில் பழைய பாவிகளாயின. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மூன்று தெருவுக்கும் வரிசையாகப் போனது. சாமி பின்பக்கத் தகரத்தை நெம்பிக்கொண்டு போனபோது வேட்டி ஆணியில் மாட்டியது, அவர் நிற்கவில்லை. வேட்டி நின்றது.

திரும்பும்போது மாமியார் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அவ கடைசியா என்னதான் சொன்னா மாப்ள? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க."

ஏழு மாதம். மூன்று தெரு வரிசையில் நின்று கொட்டகையில் கேட்ட கேள்வி. பக்கத்தில் இருந்தவனிடம் கேட்க வரிசை இல்லை, காணிக்கை இல்லை. அதனால்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. பக்கத்தில் இருப்பதைக் கேளுங்கள், ஐயா. மூளையும் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, அவர் கையில் இருந்த கார் சாவியைப் பார்த்து அவள் சொன்னது, மாப்பிள்ளைக்கு ஒரு சொல் தவறாமல் நினைவிருந்தது.

"அந்தப் பல்ப மாத்துங்க, எதிர்ல எதுவுமே தெரியல. மாத்தினா ரெண்டையும் சேத்து மாத்துங்க. ஒண்ண மட்டும் மாத்திட்டு வந்து நிக்காதீங்க."