மைத்துனர் குறை சொன்ன டேஷ்போர்டு

அன்புள்ள மைத்துனர் தமிழ்மணிக்கு,

கடலூரிலிருந்து உன் அக்காள் கணவன் ஞானசேகரன் எழுதுவது. இங்கு காரைத் தவிர எல்லோரும் நலம். போனில் உன்னை பிளாக் செய்துவிட்டதால் கடிதம் எழுதவேண்டியதாயிற்று.

மங்கலம்பேட்டை காதுகுத்துக்குப் போனபோது, என் காரில் ஏறியதும் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "இன்னா மாமா, உள்ள இவ்ளோ வெளுத்துப்போய் கெடக்கு? ஷேர் ஆட்டோவே தேவல போல!" எல்லோரும் சிரித்தார்கள். உன் அக்காள் மாலதி கொஞ்சம் ஜாஸ்தியாகவே சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு சிதம்பரத்தில் என் பெண் சுவேதாவுக்கு நிச்சயதார்த்தம். அந்தக் காரில்தான் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் இறங்கவேண்டும். வரவேற்க வரும் சம்பந்தி உள்ளே எட்டிப் பார்த்து, உன்னைப் போலவே ஏதாவது சொல்லிவிட்டால்? அந்த யோசனையில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கறுப்பு ஸ்பிரே பெயின்ட் டப்பாக்களை வாங்கி வந்து, வீடியோ பார்த்து, டேஷ்போர்டையும் கதவுகளையும் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பாகங்களைப் பெயர்த்தெடுத்து, சோப்பு போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் அடித்தால், கடல்காற்று அதை அப்படியே திருப்பி என் மூக்குக்கண்ணாடியில் பூசியது. சரி என்று ஹாலுக்கு வந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடித்தேன், மாலதி இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள், ஆனால் பெயின்ட் பளபளவென்று வந்துவிட்டது. காயட்டும் என்று குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஈரம் காயாத ஒவ்வொரு பாகத்திலும் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம்!

"யார் வேலை இது?"

"நான்தாங்க. வெள்ளிக்கெழம அதுவுமா புதுசாக்குன பொருளு, பொட்டு வெக்காம உட்றதா?"

"பெயின்ட் காயல மாலதி!"

"அதான் நல்லா ஒட்டிக்கிச்சு."

துடைத்தேன், பெயின்டும் கையோடு வந்தது. மறுபடி தேய்த்து, மறுபடி அடித்திருக்கிறேன். இந்த முறை வாசற்படியில் நானே காவல்.

இத்தனைக்கும் காரணம் உன் வாய். ஆகவே தாய்மாமன் என்ற உரிமையில் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்காதே. தட்டு மாற்ற எனக்குத் தெரியும். என் காரில் உனக்கு இடமில்லை.

இளமதிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். வயதில் சிறியவனாகப் போய்விட்டதால் உனக்கும்.

இப்படிக்கு,
ஞானசேகரன்

பி.கு.: கடிதத்தை முடித்த கையோடு பாகங்களை மாட்டப் போனேன். பெயர்த்தபோதே பின்பக்கக் கொக்கிகளையெல்லாம் உடைத்திருக்கிறேன். ஒன்றும் நிற்கவில்லை, மடியில் விழுகிறது. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒயர்கள் குடல் சரிந்த மாதிரி தொங்குகின்றன. சுவேதா வேறு, "மாமா வந்தாதாம்ப்பா நான் மணையில ஒக்காருவேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். ஞாயிறு காலையில் உன் காரை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வந்துவிடு. நான் முன் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். சிதம்பரம் போய்ச் சேரும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன், நீயும் திறக்காதே.