பனி டயரை மூன்று தடவை நிரூபித்த கதை

பிள்ளைகளா, ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். உங்கள் அப்பா தன் வாழ்நாளில் பனியைப் பார்த்தது ஃபிரிட்ஜின் மேல்தட்டில் மட்டும்தான். அப்படிப்பட்ட ஆள், பனிமலைக்குப் போகிறவர்கள் மாட்டுகிற டயரை ரங்கூன் வெயிலில் நாலு சக்கரத்துக்கும் வாங்கி மாட்டினான். யாரும் அவனை ஏமாற்றவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றவர்களிடம் விடாப்பிடியாக நின்று வாங்கினான். உங்கள் அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது அதில் டயர் கொஞ்சம், நான் அதிகம். அதனால் என் பக்கத்து நியாயத்தையும் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். (எழுதிப் பார்த்தால் என் பக்கம் அவள் சொல்வதைவிட மோசமாக இருக்கிறது.)

அப்போது மூத்தவளுக்கு மூன்று வயது. சின்னவன் அம்மா வயிற்றில் இருந்தான். நான் பசுந்தாங்கில் ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முதலாளியோடு முறைத்துக்கொண்டு, "இனிமேல் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய ஜப்பான் பிக்கப் வாங்கினேன். பின்னால் இரண்டு பெஞ்சு, மேலே தார்ப்பாய். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஃபெரி ஓட்டுவது என்று திட்டம். (பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய்த் திருப்பிக் கொண்டுவரும் வண்டிக்கு நம் ஊரில் அதுதான் பெயர்.) தாகேதாவில் எங்கள் வட்டாரத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஃபெரி தேவைப்பட்டது. அந்த ஒன்பது பேர் கிடைத்தால் வண்டி ஓடும், வீட்டில் அடுப்பு எரியும். கிடைக்காவிட்டால் பிக்கப்பை விற்றுவிட்டு, மிதிக்க மாட்டேன் என்ற வாசலைப் போய் மிதிக்க வேண்டும்.

ஒன்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆறு அம்மாக்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் டோ சான். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்த பர்மியப் பெண்மணி. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். டயர்களைப் பார்த்து நின்றார்.

"கோ செல்வா, இது டயரா, பிக்குவோட மொட்டைத் தலையா?" என்றார். "பள்ளிக்கூடமும் மழையும் ஒண்ணாத்தான் தொடங்கும். டயரை மாத்து. ஒரு மழை நாளா பார்த்து எங்களை ஏத்திக்கிட்டு ஒரு சுத்து வா. அப்புறம் சொல்றோம்."

அவர் பேசியது பர்மிய மொழியில் ('கோ' என்பது மரியாதைக்கு). நான் தமிழில் எழுதினாலும் அந்த அதட்டல் குறையாமல் படித்துக்கொள்ளுங்கள்.

மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையை ஒட்டி தமீம் பாயின் பழைய டயர்க் கடை இருந்தது. எல்லாம் ஜப்பானில் ஓடி, கப்பலில் வந்து இறங்கிய டயர்கள். டயர் வாங்கப் போகிறவன் தீக்குச்சியை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பள்ளத்தில் குச்சியை விட்டு ஆழம் பார்ப்பதற்கு. நானும் ஒரு டாக்டர் மாதிரி வரிசையாகக் குத்திப் பார்த்தேன். எதிலும் குச்சி பாதிகூட இறங்கவில்லை. கடைசியில் மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த நாலு டயரில் குத்தினேன். மருந்து முனைவரை உள்ளே போய்விட்டது!

"அது வேணாம் தம்பி," என்றார் பாய், தேநீர்க் கோப்பையை வைக்காமலே. "அது பனி டயரு."

"அப்படின்னா?"

"ஜப்பான்ல மலையில பனி கொட்டும்ல, அங்க கால்ல பலகையைக் கட்டிக்கிட்டு சறுக்கி விளையாடுவாங்க. பட்டணத்து ஆளுங்க வருஷத்துக்கு நாலு தடவை, அஞ்சு தடவை அங்க காரை எடுத்துக்கிட்டுப் போவாங்க. அதுக்கு மட்டும் இதை மாட்டுவாங்க. மத்த நாள் பூரா ஸ்டோர்ல கிடக்கும்."

பாய் என்னை எச்சரித்துக்கொண்டிருந்தார். எனக்கோ காதில் தேன் பாய்ந்தது. வருஷத்துக்கு நாலு தடவை! அப்படியென்றால் இது புது டயர்தானே? இந்த மனுஷன் வேறு யாருக்கோ ஒதுக்கி, சாக்குப் போட்டு மறைத்து வைத்திருக்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன்.

"பாய், பனின்னா என்ன? உறைஞ்ச தண்ணி. உறைஞ்ச தண்ணியிலயே வழுக்காத டயரு, சாதா தண்ணியில வழுக்குமா?"

பாய் கோப்பையைக் கீழே வைத்தார். "அது குளிருக்குன்னு செஞ்ச மெத்து ரப்பரு வாப்பா. நம்ம சூட்டுக்கு இளகிடும். அந்தா பாரு, சாதா டயரு, பாதி தேஞ்சதுதான், ஆனா நம்ம ரோட்டுக்கு ஏத்தது."

"பாதி தேஞ்சதை என் தலையில கட்டுறீங்க, முழுசா இருக்கறதை ஒளிச்சு வைக்கிறீங்க. நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

"பதில் என்கிட்ட இல்ல தம்பி. டயருகிட்ட இருக்கு," என்று சொல்லிவிட்டு ஜாக்கியை எடுத்தார்.

நாலையும் மாட்டிக்கொண்டு வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் டயர்கள் குளவிக்கூடு மாதிரி ஊங் என்று பாடின. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. அல்வாவின் மேல் ஓட்டுவது போலிருந்தது. உங்கள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து டயரில் நகத்தை வைத்து அழுத்தினாள்.

"என்னங்க, இது பள்ளிக்கூடத்து ரப்பர் மாதிரி இருக்கு. எழுதினதை அழிக்கலாம்."

"அதுதான் பிடிப்பு," என்றேன்.

"ஒரு தடவை பாய்கிட்ட திரும்பக் கேட்டுட்டு..."

"பனிமலையில ஏறின டயருடி இது!"

அவள் அதற்குமேல் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். (அவள் பேசாமல் இருந்தால் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று புரிய எனக்கு இன்னும் பத்து வருஷம் ஆயிற்று.)

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருக்கும்போது காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. டோ சான் என் பக்கத்தில் முன்சீட்டில் ஏறினார். மற்ற ஐந்து அம்மாக்களும் குடைகளோடு பின்னால். நான் சும்மா ஒரு சுற்று போய்விட்டு வந்திருந்தால் போதும். மெதுவாகப் போனால் எந்த டயரும் ஓடும். ஆனால் எனக்கு என் டயர்களின் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, இது பனியிலயே நிக்கிற டயரு. வேணும்னா இப்பவே ஒரு பிரேக் போட்டுக் காட்டறேன்."

"நான் கேக்கலையே," என்றார் டோ சான்.

"பரவாயில்ல, பாருங்க."

ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட ரோடு. ஆள் நடமாட்டமில்லை. இரண்டு பக்கமும் கசுன் கீரை வளர்க்கிற குட்டைகள். பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. ஒயிலாக இடுப்பை வளைத்து, குறுக்கே திரும்பி, ரோட்டை அடைத்துக்கொண்டு படுத்த மாடு மாதிரி ஓய்ந்தது. பின்னாலிருந்து ஒரு செருப்பு மட்டும் பறந்து முன்னால் போய் விழுந்தது.

"ரோட்டுல எண்ணெய் கொட்டியிருக்கு," என்றேன். "இன்னொரு தடவை."

கொஞ்சம் தள்ளிப் போய் இரண்டாவது தடவை மிதித்தேன். இந்தத் தடவை வண்டி வந்த வழியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. பின்னால் "பயா! பயா!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கடவுளைக் கூப்பிட்டார்கள்.

"பாரம் ஒரு பக்கமா இருக்கு, அதனாலதான்," என்றேன். அந்தப் பாரமெல்லாம் மடமடவென்று கீழே இறங்கிவிட்டது. ஆறு அம்மாக்களும் ரோட்டோரமாகக் குடை பிடித்து வரிசையாக நின்றார்கள்.

இங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஒன்பது பிள்ளைகளும் கைவிட்டுப் போவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. தெரிந்ததால்தான் நிறுத்த முடியவில்லை.

"நீங்க அங்கேயே நில்லுங்க. வெறும் வண்டியா ஓட்டிக் காட்டறேன்."

"இன்னொரு தடவையா?" என்றார் டோ சான்.

"ஒரே தடவை!"

பின்னால் போய், நன்றாக வேகம் எடுத்து வந்து, சரியாக முதல் குடைக்கு எதிரே பிரேக்கை மிதித்தேன். சக்கரங்கள் நின்றுவிட்டன. வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஆறு முகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போனேன். ஒவ்வொருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் மரியாதைக்கு ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினேன். ஆறாவது குடை தாண்டியதும் வண்டி ஓரமாகச் சரிந்தது, ரோடு முடிந்து குட்டை தொடங்கியது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து, ரோட்டில் ஏறி டோ சான் முன்னால் நின்றேன். மூன்றாவது காரணம் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை.

"டயரு சரியில்ல அக்கா."

"கடைக்காரர் சொல்லலையா?"

"சொன்னார்."

"வீட்டுல?"

"அவளும் சொன்னா."

யாரோ ஒருத்தி குடைக்குள் களுக்கென்று சிரித்தாள். அதோடு ஐந்து குடைகளும் குலுங்க ஆரம்பித்தன. டோ சான் மட்டும் சிரிக்கவில்லை. சேலை விற்பவனிடம் கிழிசலைக் கண்டுபிடித்தவர் மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன்னை வேணாம்னு சொல்லத்தான் ஆசை," என்றார். "ஆனா இந்த வட்டாரத்துல மத்த ஃபெரியெல்லாம் நிரம்பிருச்சு. இன்னைக்கே டயரை மாத்து. ஒரு மாசம் தினமும் நான் முன்னால உக்காந்து வருவேன். நீ வாயால வண்டி ஓட்டக் கூடாது. காலால ஓட்டு."

குட்டைக்காரர் கயிறு கொண்டுவந்தார். அவரும் ஆறு அம்மாக்களும் நானும் இழுத்ததில் வண்டி கரையேறியது. நசுங்கின கீரையையெல்லாம் கட்டு கட்டாக எங்கள் தலையில் கட்டிவிட்டுத்தான் அவர் கயிற்றை அவிழ்த்தார். அந்த வாரம் ஏழு வீட்டில் கசுன் பொரியல்.

சாயங்காலம் பாய் கடைக்குப் போனேன். மேலெல்லாம் சேறு. அவர் "அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. "டயரு பதில் சொல்லிருச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பாதி தேய்ந்த அந்த நாலு டயரையும் உருட்டிக்கொண்டு வந்தார். எனக்காகவே எடுத்து வைத்திருந்தார்.

சொன்னபடி டோ சான் ஒரு மாதம் முன்சீட்டில் வந்தார். நான் பிரேக் போடுகிறபோதெல்லாம் அவரும் தன் காலால் தரையை மிதித்தார். மாதம் முடிந்ததும் இறங்கிக்கொண்டார். ஃபெரி வருஷக்கணக்கில் ஓடியது. அதில்தான் பிறகு நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போனீர்கள்.

ஆனால் அன்றிலிருந்து நான் எதையாவது அடித்துப் பேசினால் உங்கள் அம்மா எதிர்வாதம் செய்வதே இல்லை. "எத்தனை தடவை காட்டப் போறீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான். போன வாரம்கூட, எனக்குக் கண்ணாடி தேவையில்லை, எதிரே வருகிற பஸ்ஸின் நம்பரை இங்கிருந்தே படிப்பேன் என்று சொன்னேன். அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். நானும் தெருமுனையில் நின்று படித்துக் காட்டினேன். முதல் நம்பர் தப்பு. இரண்டாவது பஸ்ஸே இல்லை, மீன் லாரி. மூன்றாவதைப் படிக்கத் திரும்பும்போது பார்க்கிறேன், அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைப் பக்கம் பாதி தூரம் போய்விட்டாள்.