பூஜை அறைக்கு வந்த சேவல்

தேனியில் ஒரு ஜெயின் குடும்பத்தின் புதுப் பூஜை அறைக்கு, வெட்டுவதற்கென்றே ஒரு சேவல் வந்து சேர்ந்தது என்றால் அதற்கு முழுப் பொறுப்பும் அடியேன்தான். ஆசாரியைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்காரர்களைச் சொல்லவே முடியாது. சேவலுக்கு ஒன்றுமே தெரியாது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. மதுரையில் இன்டீரியர் டிசைன் படித்துவிட்டு, அல்லிநகரத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலியுடன் கடை திறந்திருந்தேன். (கடை என்று யாராவது சொன்னால் கோபம் வரும். ஸ்டுடியோ என்று சொல்ல வேண்டும்.) ஆறு மாதமாக ஒரு வேலையும் வரவில்லை. ஜெராக்ஸ் எடுக்க முடியுமா என்று கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஏழாவது மாதம் விமலா அக்கா வந்தார்.

அவர் கணவர் ஏலக்காய் வியாபாரி. குடும்பம் ராஜஸ்தானிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அக்கா பிறந்து வளர்ந்தது போடியில். அவர் பேசுவதைக் கேட்டால் நான்தான் வெளியூர்க்காரன் என்று நினைப்பீர்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக, ஒருநாள் விட்டு ஒருநாள் உபவாசம் இருந்துவந்தார். உபவாச நாளில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும்தான், அதுவும் சூரியன் மறையும் வரைதான். வரும் அட்சய திருதியை அன்று வீட்டிலேயே தீர்த்தங்கரர் சிலையை வைத்துக் கும்பிட்டு, கரும்புச்சாறு குடித்து அந்த விரதத்தை முடிக்க வேண்டும். அந்தச் சிலைக்குத்தான் அறை.

"எப்படிக் கட்டுவீகளோ தெரியாது, நாள் மட்டும் தள்ளிப் போயிறக் கூடாது தம்பி," என்றார்.

நான் மண்டையை ஆட்டினேன். வருடம் முழுக்கப் பட்டினி கிடந்தவர் குறித்து வைத்திருக்கும் நாள். அதைக் கெடுத்தால் இந்த ஜில்லாவில் எனக்கு மாட்டுக்கொட்டகை போடும் வேலைகூடக் கிடைக்காது.

அதனால் வெறி பிடித்தவன் மாதிரி படித்தேன். அறை வடகிழக்கில் வர வேண்டும், மேல்மாடியில் அதற்கு நேராகக் கழிவறை இருக்கக் கூடாது. பட்டுத் திரை போடக் கூடாது, அது பூச்சியைக் கொன்று எடுத்தது. மரத்துக்கு அரக்கு கலந்த பாலிஷ் கூடாது, அதுவும் பூச்சியிலிருந்து வருவது. விளக்கில் பூச்சி விழாமலிருக்கக் கண்ணாடிக் கூண்டு செய்தேன். கதவிடுக்கில் பல்லி நசுங்காமலிருக்க ஒரு கீலை நானே வடிவமைத்தேன். (அதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்து ஒரு வாரம் தூங்கவில்லை.) வேலையாட்கள் சோற்றில் வெங்காயம் இருந்தால் தெருமுனைக்குப் போய்ச் சாப்பிடச் சொன்னேன். கடைசியில், உண்மையான ஜெயின்களுக்கே ஜெயின் மதம் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு முற்றிவிட்டேன்.

வேலை முடியும் சமயம் அக்காவின் கணவர் போன் செய்தார். "தம்பி, மர வேலை முடிஞ்சா ஆசாரிமாருக ஒரு பூஜை போடுவாகளாம்ல? அவுக மனசு நோகக் கூடாது. முறைப்படி பண்ணச் சொல்லிருங்க."

எவ்வளவு பெரிய மனசு என்று நெகிழ்ந்துபோய், மர வேலை செய்த மார்க்கையன்கோட்டை செல்லையா ஆசாரியை அழைத்து, "வழக்கம்போலப் பண்ணிருங்க," என்று சொல்லிவிட்டேன். அந்தப் பூஜைக்குப் பெயர் தச்சு கழித்தல். உளி பட்ட மரத்தின் தோஷம் போக வாசலில் சேவல் அறுப்பார்கள். இது எனக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அந்தக் குழம்பை இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் பல்லியைக் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்த மூளைக்குச் சேவல் ஞாபகம் வரவில்லை.

அட்சய திருதியைக்கு முந்தின நாள், காலை பதினோரு மணி. அக்காவுக்கு உபவாச நாள். வெளியே வெயில் கொளுத்தியது. மெல்லச் சொன்னாலும் மந்திரம் அறை முழுக்கக் கேட்கும்படி கூரையை வளைத்து அமைத்திருந்தேன். அதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஒரே துடிப்பு.

"மெதுவா ஏதாச்சும் சொல்லிப் பாருங்கக்கா."

அவர் கைகூப்பி வாயைத் திறப்பதற்குள், எங்கள் பின்னாலிருந்து ஒரு கொக்கரக்கோ. என் வேலைப்பாடு அபாரம். மூன்று மாடிக்கும் கேட்டது.

நிலைப்படியில் செல்லையா ஆசாரி நின்றார். ஒரு கையில் கால் கட்டிய சிவப்புச் சேவல், மறு கையில் மஞ்சள் துணி சுற்றிய அரிவாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "சாமி ரூம்புங்கறதால என் கைக்காசுல நல்ல செவலையா பாத்து எடுத்தேன் தாயீ."

நான் சொன்னேன்: "டெலிவரி மாறி வந்துருச்சுக்கா."

அக்கா சேவலைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் திட்டவில்லை. ஆசாரியிடமிருந்து சேவலை வாங்கித் தரையில் வைத்து, குனிந்து கால் கட்டை அவிழ்த்தார். பட்டினி உடம்பு, முடிச்சு அவிழ நேரமானது, நாங்கள் யாரும் கை கொடுக்கவில்லை.

"தண்ணி குடிச்சுச்சா?"

"கேக்கலையே தாயீ," என்றார் ஆசாரி.

அக்கா உள்ளே போய் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். அவருக்கென்று காய்ச்சி வைத்த தண்ணீர். அன்றைக்கு அவர் வாயில் படக்கூடியது அது ஒன்றுதான். சேவல் குடித்துக் குடித்துத் தலையைத் தூக்கியது. அதன் எதிரே தரையில் உட்கார்ந்து, ஏதோ உறவுக்காரருக்குச் சொல்வதைப் போலத் தணிந்த குரலில் மந்திரம் சொன்னார். அது கூரையில் பட்டு எங்கள் எல்லோர் மேலும் இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான்கு மாதமாக அங்கே நின்று வேலை செய்தவன், கோயிலுக்குள் இருக்கிறோம் என்று அப்போதுதான் உணர்ந்தேன். ஆசாரி அரிவாளை வெளியே வைத்துவிட்டு வந்தார்.

ஆனால் அவருக்கும் ஒரு கவலை இருந்தது. "தச்சு கழிக்காம விட்டா என் தொழிலுக்குக் குறை தாயீ. வேணும்னா பூசணிக்கா வெட்டட்டுமா?"

"சேவலுக்குப் பதிலுன்னு நெனச்சு வெட்டினா அதுவும் கொலைதான். மாவுல சேவல் செஞ்சு வெட்டினாலும் எங்களுக்குக் கணக்கு ஒண்ணுதான்."

ஆசாரி தலையைச் சொறிந்தார். "அப்ப வாசலை மூணு சுத்து சுத்தி, உசுரோட விட்டுர்றேன்."

"விட்டா பொழுது சாயிறதுக்குள்ள யாராச்சும் குழம்பு வச்சுருவாகல்ல?"

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இதை வரச் சொன்னது யாரு?"

"நான்தாங்கக்கா."

"அப்ப அது ஆயுசு முடியிற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும். இங்கனயே வாக்குக் குடுங்க. இல்லைன்னா நாளைக்கு நான் இந்த ரூமுக்குள்ள வரல. கரும்புச்சாறும் எனக்கு வேணாம்."

அவர் சொன்னால் செய்துவிடுவார். ஒரு வருடத்தை அப்படியே விட்டுவிடுவார், ஒரு சேவலுக்காக. நான் கைகூப்பி வாக்குக் கொடுத்தேன். அந்த அறையில் முதன்முதலில் விரதம் ஏற்றுக்கொண்ட ஆள், ஞாயிறு தவறாமல் நாட்டுக்கோழி வாங்கும் நான்தான். ஆசாரி வாசலை மூன்று சுற்றுச் சுற்றி, சேவலை என் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போனார்.

வீட்டில் சேவலைப் பார்த்ததும் அம்மா மஞ்சளை அரைக்கவே ஆரம்பித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "ஏலே, வேலைக்குப் போனியா, தத்தெடுக்கப் போனியா?" என்றார்.

மறுநாள் சிலை வந்தது. கூட்டம் அறையை அண்ணாந்து பார்த்தது. அக்கா கரும்புச்சாறு குடித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். பாராட்டு என்று நினைத்துப் போய் நின்றேன்.

"ராத்திரி நல்லாத் தூங்குச்சா?" என்றார்.

சேவல் ஆறு வருடம் இருந்தது. என்னைப் பெண் வீட்டார் பார்க்க வந்தபோது, வருங்கால மாமனார் மடியில் ஏறி உட்கார்ந்தது. "எங்க வீட்டு மூத்தவரு," என்று அம்மா அறிமுகம் செய்தார். அதன் கண் முன்னால் கோழி சமைக்க யாருக்கும் மனசு வரவில்லை. பிறகு பழக்கமே விட்டுப்போனது.

போன வருடம் அது தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் மந்திரம் சொன்னார். பிறகு கேட்டார்: "வாக்கு முடிஞ்சு போச்சே, இனிக் கோழி சாப்பிடுவீகளா தம்பி?"

"முடியலக்கா. தொண்டையில இறங்க மாட்டேங்குது." சும்மா இருந்திருக்கலாம். நேர்மை பொங்கிவிட்டது. "ஆடு மட்டும்தான்."

"அப்படியா," என்றார் அக்கா. "சரி, ஒரு ஆட்டை ஓட்டிக்கிட்டு வாங்க. மாடியில இன்னொரு ரூம் கட்டிருவோம்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது என் தவறு. இப்போதெல்லாம் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும்போது, என் மனைவி கரண்டியும் கையுமாக வந்து கேட்கிறாள்: "மாடி ரூமுக்கு பிளான் போட்டாச்சா?"